ஒரு போசி உப்பு மோர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சம்பளப் பதிவேட்டில் கையெழுத்தும், வார்ப்புப் பெட்டியின் மேல் சாக்பீஸில் நம்பரும்தான். எந்த ர, எந்த ற என்று இன்னும் எனக்குக் குழப்பம். மகள் கவிதா ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். நான் எழுதியதைப் பார்த்து நல்ல நோட்டில் எழுதித் தருகிறேன் என்றாள். எழுத்தைத் திருத்திக்கொள், விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் உட்கார்ந்திருந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் கடைசி இலைதான் பிடிப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். என் சொந்தக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கள் பட்டறை ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே கதைதான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றும் பவுண்டரி ஒன்றில் நான் மோல்டர். இரும்புப் பெட்டிக்குள் மண்ணை இடித்து நிரப்பி, மர அச்சைப் பதித்து எடுத்தால் உள்ளே பம்பின் உருவத்தில் பள்ளம் நிற்கும். அதில் உருக்கிய இரும்பை ஊற்றுவோம். வேலையின் சூட்சுமம் மண்ணின் ஈரத்தில் இருக்கிறது. ஒரு பிடி அள்ளி இறுக்கி விரலைத் திறந்தால் கைரேகை பதிந்து, உடையாமல் நிற்க வேண்டும். ஈரம் குறைந்தால் மண் உதிரும். கூடினால் இரும்பு பட்டதும் ஆவி கிளம்பி வார்ப்பில் ஓட்டை விழும். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கை அதைத்தான் பார்த்தது.

இரும்பு ஊற்றும் நாளில் எங்கள் மேஸ்திரி காலையிலேயே சொல்லிவிடுவார், இன்றைக்கு யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று. தாகத்தோடு கிட என்று அதற்குப் பொருளில்லை. மூலையில் ஒரு டிரம் நிறைய மோர் இருக்கும். கல்லுப்பை அள்ளிப் போட்டு, கறிவேப்பிலையும் கொத்துமல்லித் தழையும் கிள்ளிப் போட்டிருப்பார்கள். அதை எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். உலைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு வேர்வையோடு உப்பும் போய்விடுகிறது. வெறும் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், மயக்கமும் வரும். உப்பு மோர் குடித்தவனுக்கு அப்படி ஆவதில்லை. உப்புத்தான் தண்ணீரை உடம்பில் பிடித்து வைக்கிறது என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. பட்டறையைப் பொறுத்தவரை அது தப்பும் இல்லை.

போன வருஷம் பங்குனியில் செயின் பிளாக்கில் தூக்கிய பெட்டி ஒன்று கொக்கி நழுவி ஊஞ்சலாக வந்து என் நெற்றியில் அடித்தது. மல்லாக்க விழுந்தேன். பின்மண்டையும் தரையில் மோதியது. கொஞ்ச நேரம் நினைவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆறு தையல் போட்டு, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். தலைவலி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

நாலாம் நாள் தாகம் வந்தது.

வெயில் காலம், தாகம் எடுக்கத்தானே செய்யும் என்று இருந்தேன். ஆனால் இது வேறு. ஒரு சொம்பு குடித்து வைத்த கை சொம்பை விடுவதற்குள் நாக்கு மறுபடி வறண்டது. வெந்நீர், மோர், காப்பி எதுவும் பிடிக்கவில்லை. பானைத் தண்ணீர்தான் வேண்டும், சில்லென்று வேண்டும். குடித்தது அத்தனையும் அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிடும். நிறமே இல்லாமல், குடித்த மாதிரியே வந்தது. ஒரு நாளைக்கு ஒரு குடம் என் ஒருவனுக்கே போனது.

நாங்கள் இருப்பது லைன் வீடு. ஐந்து குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ். குழாயில் வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணீர் விடுவார்கள், டிரம்மில் பிடித்து வைத்து அளந்து செலவழிக்கிற இடம். அதில் நான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சொம்போடு நின்றால் எல்லோர் கண்ணும் என் மேல்தான். பக்கத்து வீட்டு ருக்மணி நல்ல பெண், ஆனால் வாய் சும்மா இருக்காது.

“ஏனுங்ண்ணா, பட்டறையில இருந்து மோட்டார எடுத்து முழுங்கிப்போட்டீங்களா? இப்பிடி இறைக்கறீங்க” என்றாள்.

சிரித்தேன். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன்.

பஸ் ஏற முடியவில்லை. வேலையில் நிற்க முடியவில்லை. ராத்திரி பத்துத் தடவை எழுந்தேன். சர்க்கரை வியாதி என்று லைனில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். எறும்பு மொய்க்கிறதா பார் என்றார் ஒருவர். போய்ப் பார்த்தேன், ஒரு எறும்பும் வரவில்லை. உள்ளூர் டாக்டரும் சோதித்துவிட்டுச் சர்க்கரை துளியும் இல்லை என்றார். பிறகு எதனால் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் மனைவி சரசாள் கேட்டாள். அவர் என் நெற்றித் தழும்பைப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்.

அந்த ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தில் ஒரு முழுப் பகல் இருந்தோம். எழுந்து போனால் வரிசை போய்விடும். சரசாள் எனக்காக இடம் பிடித்து உட்கார்ந்திருப்பாள், நான் கக்கூஸுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடந்துகொண்டே இருந்தேன். எத்தனை தடவை என்று வாசலில் நின்ற காவல்காரருக்கே தெரியும். சாயங்காலம் வார்டில் சேர்த்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் அட்டை ஒன்றில் நான் குடிப்பதையும் போவதையும் அளந்து எழுதினார்கள். ஒரு ஆண்பிள்ளை போனதை ஒரு பெண்பிள்ளை கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? எலிசபெத் சிஸ்டர் என்று பெயர், மலையாளக்காரர். அவர் வரும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மூன்றாம் நாள் ஒரு சோதனை வைத்தார்கள். அதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

காலை ஆறு மணியிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. மணிக்கொரு தடவை எடை பார்ப்பார்கள், மூத்திரத்தை அளப்பார்கள், இடையில் இரத்தமும் எடுப்பார்கள். தண்ணீர் கிடைக்காதபோது சரியான உடம்பு மூத்திரத்தைக் குறைத்து, கெட்டியாக்கி, உள்ளதைக் காப்பாற்றிக்கொள்ளும். என் உடம்பு அதைச் செய்கிறதா என்று பார்க்கத்தான் சோதனை. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது, குடிக்கக் கூடாது என்பது மட்டும்தான்.

எட்டு மணிக்கு உதடு ஒட்டிக்கொண்டது. ஒன்பது மணிக்கு எச்சில் நின்றுவிட்டது. நாக்கை அசைத்தால் காய்ந்த மண்ணைத் தேய்க்கிற மாதிரி இருந்தது. ஆனால் மூத்திரம் மட்டும் நிற்கவில்லை, அதே பச்சைத் தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஆயா வார்டைத் துடைத்துக்கொண்டு போனார். ஈரத்தரையைப் பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். குனிந்து அந்தத் தரையை நக்கிவிடலாமா என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டிலில் சொட்டுச் சொட்டாக இறங்கிய குளுக்கோஸ் பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பதினொரு மணிக்கு எடை இரண்டு கிலோ இறங்கியிருந்தது. சின்ன டாக்டரம்மா வந்து பார்த்தார். வயது முப்பது இருக்காது.

“இன்னும் ஒரே ஒரு மணி நேரம் பொறுத்துக்கங்க. அப்புறம் எவ்வளவு வேணாலும் குடிக்கலாம்” என்றார்.

தலையாட்டினேன். அவர் போனார். எலிசபெத் சிஸ்டரை வேறு வார்டுக்குக் கூப்பிட்டார்கள், அவரும் போனார்.

சரசாள் கட்டிலுக்குக் கீழே தூக்குப்போசியில் மோர் வைத்திருந்தாள். எனக்காக அல்ல. அவளுடைய மதியச் சோற்றுக்கு. போசியின் மூடியைப் பார்த்தேன். அவளையும் பார்த்தேன்.

“வேண்டாமுங்க. சிஸ்டரு சொல்லிப்போட்டுத்தான போனாங்க” என்றாள்.

“தண்ணியத்தான வேண்டாம்னாங்க. இது மோரு. பட்டறையில ஊத்தற அன்னிக்கும் தண்ணி கூடாதுன்னு சொல்லீட்டு மோருதான் குடுக்கறாங்க. உப்புப் போட்டிருக்கயா?”

“போட்டிருக்கேனுங்க. ஆனா கேட்டுப்போட்டு...”

“குடு அம்மணி. உசுரு போகுது.”

நான் அவளிடம் அப்படிக் கெஞ்சியது கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவள் திரையை இழுத்துவிட்டுப் போசியைக் கையில் கொடுத்தாள். மூன்று தம்ளர் இருக்கும். ஒரே மூச்சில் குடித்தேன்.

மோரும் தண்ணீரும் ஒன்றுதான் என்று எனக்கு அப்போது தெரியாதா? தெரியும். நிச்சயமாகத் தெரியவில்லை என்றாலும் உள்ளுக்குள் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் திரையை இழுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டியிருக்க மாட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு எடை முள் பதினொரு மணிக்கு நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு குடுவை நிறைய மூத்திரம் போயும் எடை இறங்கவில்லை. பெரிய டாக்டர் வந்தார். கூட நாலைந்து பேர். அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இடையில ஏதாச்சும் குடிச்சீங்களா?”

சரசாள் வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் மூடிக்கொண்டாள்.

“இல்லைங்க” என்றேன்.

அவர் மற்றவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஒருவர் சிரித்தார். பிறகு தமிழில் சரசாளிடம் சொன்னார். தலையில் அடிபட்ட பயத்தில் சிலருக்கு இப்படித் தண்ணீர்ப் பழக்கம் வந்துவிடுமாம், குடிப்பதால்தான் போகிறதாம், குறைத்தால் குறைந்துவிடுமாம். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர், அதற்கு மேல் கூடாது. மனநல டாக்டர் வந்து பார்ப்பார். சின்ன டாக்டரம்மா மட்டும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என் கட்டிலருகே நின்றார். என்னிடம் ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒன்றரை நாள். மேசையில் ஒரு ஜக்கு. காலை பத்து மணிக்குள் அது காலி. மீதிப் பகல் முழுக்க என் கண்ணுக்கு முன்னால் வெறும் ஜக்கு. நான் சிஸ்டர்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பழக்கத்தை விடணுமுங்க என்றார்கள். குளிக்கிற அறைக் குழாயில் பகலில் தண்ணீர் வராது. ஒருமுறை போய்த் திறந்து, வாயை வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு வந்தேன்.

என் மச்சான் பழனிச்சாமி தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். சரசாளுக்கு மூத்தவர். சோதனை முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் அவரும் எங்கள் மேஸ்திரியும் பார்க்க வந்தார்கள். மச்சான் பத்து இளநீர் சீவிக் கொண்டுவந்திருந்தார், சிஸ்டர் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். என் கண் உள்ளே போயிருப்பதைப் பார்த்து மச்சான் கலங்கிவிட்டார். சிஸ்டர்களுக்குத் தெரியாமல் மோர் கொடுப்பதைச் சரசாள் அவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

“உடம்புல உப்பு நிக்காததுனாலதான் தண்ணி ஓடுது மாப்ளே” என்றார் என்னிடம். பிறகு தங்கையிடம், “உப்பக் கொஞ்சம் தூக்கலாப் போட்டுக் குடு புள்ள. தண்ணியப் புடிச்சு நிறுத்தும்” என்றார். மேஸ்திரியும் ஆமாம் என்றார்.

நானும் அதைத்தான் நினைத்தேன். அன்று ராத்திரியும், மறுநாள் ஜக்கு காலியான பிறகும் சரசாள் கொண்டுவந்த மோர் கடல் தண்ணீர் மாதிரி கரித்தது. அதையும் குடித்தேன். குடிக்கக் குடிக்கத் தாகம் எகிறியது. உடம்பில் இருந்த கொஞ்ச நஞ்சத் தண்ணீரையும் அந்த உப்பே இழுத்துக்கொண்டு வெளியே போனது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு எல்லாம் கலங்கலாகத்தான் ஞாபகம். கை விரல்கள் தானாகத் துடித்தன. வார்டுச் சுவர் கிட்டே வந்து வந்து போனது. கூரை மின்விசிறியைப் பார்த்து, பெட்டி ஆடுது, கொக்கியப் பிடிங்க என்று சொன்னேனாம். சரசாளைப் பார்த்து நீங்க யாருங்க என்று கேட்டேனாம். அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, எலிசபெத் சிஸ்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஆனால் ஒன்று தெளிவாக ஞாபகம் இருக்கிறது. கண் திறக்க முடியவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது, காது மட்டும் கேட்கிறது. சிஸ்டர் என் வாயைத் துடைக்க ஈரத்துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டார். எதையோ எடுத்தார்.

“இது எந்தா? மல்லித்தழையோ? இவருக்கு யார் எந்து கொடுத்தது?”

சரசாளின் குரல் கேட்டது.

“மோருங்க சிஸ்டர். உப்புப் போட்டு நான்தானுங்க குடுத்தேன். அன்னிக்குச் சோதனை வெச்சப்பவும் குடுத்துப்போட்டேனுங்க. அவரு கேக்கலீங்க. நானாத்தானுங்க குடுத்தேன்.”

இல்லை என்று கத்தினேன். உள்ளுக்குள்தான். வெளியே ஒரு சத்தமும் வரவில்லை.

அதற்குப் பிறகு நிறையக் காலடிச் சத்தம். இரத்தம் எடுத்தார்கள். இரத்தத்தில் சோடியம் என்று ஒரு உப்பு இருக்கிறது. அதன் அளவு நூற்று நாற்பதை ஒட்டி இருக்க வேண்டுமாம். எனக்கு நூற்று அறுபத்தொன்பது. அவ்வளவு உப்பு ஏறினால் மூளையில் உள்ள தண்ணீரெல்லாம் இரத்தத்துக்கு இழுபட்டு, மூளை சுருங்கும். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் வலிப்பு வந்து போயிருப்பேன். சரி, தண்ணீரை ஊற்றிவிட வேண்டியதுதானே என்றால் அதுவும் முடியாது. சடாரென்று இறக்கினால் சுருங்கின மூளை வீங்கிவிடும். அதனால் பாட்டிலில் சொட்டுச் சொட்டாக, இரண்டு நாள் முழுக்க இறக்கினார்கள். நினைவு வந்ததும் தண்ணீர் என்றேன். ஒரு ஸ்பூன் கொடுத்தார்கள். அந்த ஒரு ஸ்பூன் தொண்டைக்குப் போய்ச் சேரவில்லை, நாக்கே குடித்துவிட்டது. இரண்டு நாளும் பிழைப்பேனா என்று யாரும் சொல்லவில்லை. கவிதாவை ஊரிலிருந்து அழைத்து வரச் சொன்னார்கள். எதற்கு அழைக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அவள் பள்ளிக்கூடச் சீருடையிலேயே வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச ஒன்றும் கிடைக்காமல், அரைப் பரீட்சையில் கணக்கில் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டேன். ஏற்கெனவே சொன்னதுதான். மறுபடி சொன்னாள்.

சின்ன டாக்டரம்மா ஓர் ஊசி போட்டார். போட்டுவிட்டுக் கண்ணாடிக் குடுவையைக் கட்டிலிலேயே மாட்டி வைத்தார். இரண்டு மணி நேரம் கழித்து எலிசபெத் சிஸ்டர் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இத்தனை நாளும் பச்சைத் தண்ணீராக வந்தது, கொஞ்சமாக, மஞ்சளாக இருந்தது. சரசாள் அந்தக் குடுவையைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு நான் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அட்டையின் பின்பக்கம் ஒரு தலை வரைந்தார். மூளையின் அடியில் கொஞ்சம் செல்கள் இருக்கின்றன, ஒரு சிட்டிகை அளவுகூட இருக்காது என்றார். அவற்றின் வேலை இரத்தத்தில் உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பது. நாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இரத்தத்தில் உப்பு ஏறும். அது ஏறினால் அந்தச் செல்கள் லேசாகச் சுருங்கும். சுருங்கியதும் அவற்றுக்குச் செய்தி கிடைத்துவிடும். அவை ஒரு சுரப்பைச் செய்து, வால் மாதிரி நீண்ட நரம்பு வழியாகக் கீழே பட்டாணி அளவு இருக்கும் ஒரு சுரப்பிக்கு இறக்கி, அங்கிருந்து இரத்தத்தில் விடும். அது கிட்னிக்குப் போய், தண்ணீரை விடாதே, பிடித்துக்கொள் என்று சொல்லும். தண்ணீர் போதும் என்றால் செல்கள் மறுபடி உப்பிக்கொள்ளும், சுரப்பும் நின்றுவிடும். நாள் முழுக்க, நாம் தூங்கும்போதும் இது நடக்கிறது.

எனக்கு மண் ஞாபகம் வந்தது. பிடித்துப் பார், இறுக்கிப் பார், ஈரம் பத்தவில்லை என்று சொல். எனக்குள்ளேயும் ஒரு மோல்டர் உட்கார்ந்து இத்தனை வருஷமாக இரத்தத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடிபட்டதில் அவர் கை போய்விட்டது.

“அது செத்துப்போச்சுங்களா?” என்று கேட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் நானாக ஒரு டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி.

“சிலது போயிருக்கும். வாலு மட்டும் அறுந்ததுன்னா கொஞ்சம் திரும்பி வரலாம். பொறுத்துத்தான் பாக்கணும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தாகம்ங்கறது தனிங்க. அது உங்களுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. இத்தனை நாள் உங்க உசுரக் காப்பாத்துனதே அந்தத் தாகம்தான். நாங்கதான் நம்பாமத் தடுத்துட்டோம்.”

அவர் அப்படிச் சொன்னபோதாவது நான் சொல்லியிருக்கலாம். நீங்கள் நம்பாததற்குக் காரணம் நான் சொன்ன பொய் என்று. சொல்லவில்லை.

ஏனென்றால் அதற்குள் எல்லோரும் சரசாளைத் திட்டி முடித்திருந்தார்கள். பெரிய டாக்டர் வார்டில் எல்லோர் முன்னும் திட்டினார். வைத்தியத்தையே குழப்பிவிட்டாய், புருஷனைக் கொல்லப் பார்த்தாய் என்றார். மச்சான் வந்து, அறிவிருக்கிறதா என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்து நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறார் என்று மெதுவாகப் பேசினார்கள்.

பதினாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பில்லுக்குப் பட்டறை முதலாளி பாதி கொடுத்தார். மீதிக்குச் சரசாளின் வளையல் போனது. அதைப் பற்றியும் அவள் பேசவில்லை. மூக்கில் விடும் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் செல்கள் செய்யும் சுரப்பைப் போலவே செய்யப்பட்ட மருந்து. ஒரு மெல்லிய குழாயில் அளந்து மூக்குக்குள் ஊத வேண்டும். அதைக் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். லைன் வீட்டில் யாரிடமும் ஃபிரிட்ஜ் இல்லை. ருக்மணிதான் முக்கு சோடாக் கடையில் போய்ப் பேசினாள். கடைக்காரர் கலர் பாட்டில்களுக்குப் பின்னால் ஒரு மூலையை எனக்கென்று ஒதுக்கினார். காலையும் மாலையும் நான் போய் நின்றால் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். என் சுபாவம் தெரிந்தவர்.

மருந்து விட்ட பிறகு பழைய ஞாபகத்தில் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது. கிட்னி தண்ணீரைப் பிடித்து வைக்கும், உப்பு கீழே இறங்கிவிடும், அப்போதும் வலிப்பு வரும். தாகம் எடுத்தால் மட்டும் குடி என்று சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கும் மருந்து விடுகிறேன். முன்பு இரண்டு வேளை, இப்போது ஒரு வேளை. வேலைக்கும் போகிறேன், உலைப் பக்கம் இல்லை, மண் கலக்கும் இடத்தில். பட்டறை ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேர்த்தவனுக்கு உப்பு மோர் கொடுங்கள். ஆனால் வேர்க்காமலே ஒருவன் குடம் குடமாகக் குடித்து, குடித்த நிறத்திலேயே போய்க்கொண்டிருந்தால், அவனுக்கு உப்புக் கொடுக்காதீர்கள், தண்ணீரையும் தடுக்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். டாக்டர் கேட்பதற்கு உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் சரசாள் எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டு வந்தாள். மச்சானின் சம்பந்தி ஒருவர் இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தார்.

“சரசு கையில மோரா? வேண்டாஞ் சாமி. நான் ஊட்டுக்கு உசுரோட போகோணும்” என்றார்.

பந்தி முழுக்கச் சிரித்தது. மச்சானும் சிரித்தார். சரசாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போசியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்கு அடுத்த இலையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் இதே பேச்சு. ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது ஒருவர். ஒவ்வொரு தடவையும் நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனவே இதை எழுதுகிறேன். மோரைக் கேட்டது நான். அவள் வேண்டாம் என்றாள், நான்தான் பட்டறைக் கதை சொல்லி வாங்கிக் குடித்தேன். டாக்டர் கேட்டபோது இல்லை என்றதும் நான். அவள் சொல்ல வந்ததைக் கண்ணால் தடுத்ததும் நான். அவள் என் மேல் ஒரு சொல் விழாமல் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் மச்சான் வீட்டுக்குப் போகிறோம். எல்லோரும் இருக்கும்போது கவிதா இதைப் படிப்பாள். நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

எழுதி முடித்ததைச் சரசாளுக்குப் படித்துக் காட்டும்படி இப்போதுதான் கவிதாவிடம் சொன்னேன். சரசாள் அடுப்படியில் இருந்தபடியே முழுவதையும் கேட்டாள். பிறகு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“படிக்கறதுன்னாப் படிக்கட்டுமுங்க. உப்பத் தூக்கலாப் போடச் சொன்னது எங்கண்ணன்னு இருக்குது பாருங்க, அத மட்டும் அடிச்சுப்போடுங்க. பாவம், அவரு தாங்க மாட்டாரு.”

கவிதா பென்சிலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

7.9.1997, ஞாயிறு.